சூடானதும் நின்றுபோகும் பழைய செயின்சா: போர் போடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: குலசேகரம் பக்கம் இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. மறுநடவுக்காகப் பழைய மரங்களை நாங்களே வெட்டலாம் என்று 45 சிசி செயின்சா ஒன்றைப் பழையதாக வாங்கினேன். காலையில் இரண்டே இழுப்பில் எடுக்கிறது. கால் மணி நேரம் ஓடினால் நின்றுவிடும். ஆறினால்தான் மறுபடி எடுக்கும். அறுக்கும்போது செயின் ஓடும் பார் புகைகிறது, வெட்டு ஒரு பக்கமாக வளைகிறது. சிலிண்டரைப் போர் போட்டு, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் இறக்கலாம் என்கிறார் மெக்கானிக். 16 இஞ்சு பாரை எடுத்துவிட்டு 22 இஞ்சு போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பழைய பைக்கின் இரும்பு சிலிண்டரைப் போர் போடலாம். செயின்சா சிலிண்டர் அப்படியில்லை. அது அலுமினியம், உட்சுவரில் நிக்கலோ குரோமோ மெல்லிய பூச்சாக ஏற்றியிருப்பார்கள். போர் போட்டால் அந்தப் பூச்சு போய்விடும், பிறகு எந்தப் பிஸ்டன் போட்டாலும் நிற்காது. உண்மையிலேயே தேய்ந்திருந்தால் சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த செட்டாக மாற்றுவதுதான் வழி. அதற்கு முன் சில சோதனைகள்.

சூட்டில் நின்ற அந்த நிமிடத்திலேயே பார்த்தால்தான் காரணம் பிடிபடும், ஆறவிட்டால் தப்பிவிடும். முதலில் பெட்ரோல் மூடியை மெல்லத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, உடனே மெஷின் எடுத்தால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால் மூடியை இறுக்கி, சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடம்பைச் சிலிண்டரில் ஒட்டிவைத்துக் கயிற்றை இழுங்கள். பிளக் துளையை விட்டுத் தள்ளிப் பிடியுங்கள். ஆறியபின் பொறி வந்து சூட்டில் வராவிட்டால் பொறியைத் தரும் காயில் போய்விட்டது. புதுக் காயில் போடும்போது அதற்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் இடையே 0.3 மி.மீ. விடுங்கள், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி.

பொறி நன்றாக இருந்தால் கம்ப்ரஷன் மீட்டரைப் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து ஆறு முறை இழுங்கள். 150 பிஎஸ்ஐ வந்தால் அருமை, 120க்கு மேல் இருந்தாலும் வேலை நடக்கும். சூட்டில் 100க்குக் கீழே இறங்கினால் பிஸ்டனைப் பார்க்க வேண்டியதுதான். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தால் பிஸ்டனின் முகம் தெரியும். அந்தப் பக்கம் நெடுங்கோடுகள் இருந்தால் ஆயில் போதவில்லை, அல்லது தேவைக்கு அதிகமாகக் காற்று போயிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது.

இங்கேதான் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். காற்று எங்கே கசிகிறது என்று பார்க்காமல் செட் மாற்றினால், புதுப் பிஸ்டனும் சில நாளில் அதே கோடு வாங்கும். ரேஸை விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டு நின்றால் கசிவு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பம்பும் மீட்டரும் கிடைத்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். எக்ஸாஸ்ட் வாயை சைக்கிள் டியூப் துண்டு வைத்து சைலன்சரால் இறுக்கி அடையுங்கள். கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும் இம்பல்ஸ் குழாயையும் அடையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியே மீட்டரில் 300 வரை காற்று ஏற்றுங்கள், அது 0.4 பார் அழுத்தம். முள் இறங்கினால் கிராங்க் சீல்களிலும் சிலிண்டர் அடியிலும் சோப்பு நீரைத் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் இன்டேக் ரப்பர் இந்தச் சோதனையில் சிக்காது. அதைக் கழற்றி விரலால் வளைத்து வெடிப்பு பாருங்கள்.

கிளட்ச் பக்கத்து சீலை மாற்ற கிளட்சைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான செயின்சாக்களில் அது எதிர்மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் சுழலாமலிருக்க பிளக் துளைக்குள் ஸ்டார்ட்டர் கயிற்றைச் சுருட்டித் திணியுங்கள். ஸ்க்ரூ டிரைவரை விட்டால் பிஸ்டன் தலை ஓட்டையாகிவிடும்.

சோதனையில் எது தெரிந்தாலும் பெட்ரோல் குழாய், டேங்க் ஃபில்டர், கார்புரேட்டர் டயாஃப்ரம் கிட் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி இளகும் அல்லது விறைக்கும். போதாக்குறைக்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆனியிலும் ஐப்பசியிலும் மழை கொட்டும் நம் ஊரில் அதைக் கேட்கவே வேண்டாம். மீன்தொட்டிக் குழாயை மாட்டித் தரும் கடைகளும் உண்டு, வாங்காதீர்கள். கலவை லிட்டருக்கு 20 மி.லி., அதுவும் 50:1 என்று போட்ட செயின்சா ஆயிலாக இருந்தால் மட்டும். சாதாரண டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 40 மி.லி. ஒரு மாதத்துக்குமேல் கலந்து வைக்க வேண்டாம்.

இனி வளையும் வெட்டு. ரப்பர் தடியில் பால் வழிய அடித்த தகடும், சிரட்டை தாங்கிய கம்பியும் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். செயின் ஒரு முறை அதில் பட்டால் ஒரு பக்கப் பற்கள் முனை மழுங்கும். மழுங்காத பக்கம் அதிகம் கடிக்க, வெட்டு அந்தப் பக்கம் திரும்பும். ஆகவே வெட்டும் முன் பழைய பால்வெட்டு பாகத்தைக் கத்தியால் செதுக்கிப் பாருங்கள். தீட்டும்போது இருப்பதிலேயே குட்டைப் பல்லை அளவாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்குக் குறையுங்கள். 0.325 இஞ்சு பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ. வட்ட அரம், 30 டிகிரி. பல்லுக்கு முன்னால் நிற்கும் மேடு பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்கட்டும்.

பார் புகைவதற்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் பால்தான். தூளோடு சேர்ந்து இறுகி ஆயில் துளையை அடைத்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துளையையும் பார் பள்ளத்தையும் கம்பியால் சுரண்டுங்கள். பைக்கில் இருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உலோகத் தூள் பம்பைத் தின்றுவிடும். பார் ஆயில் கிடைக்காவிட்டால் புதிய எஸ்ஏஇ 30 ஆயில் போதும். பாரின் முனையை வெள்ளைக் காகிதத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்து ரேஸ் கொடுத்தால் ஆயில் கோடு விழ வேண்டும்.

22 இஞ்சு ஆசை எதற்கு? ரப்பர் மரத்தின் சுற்றளவு ஒரு மீட்டர் இருந்தாலும் குறுக்களவு 32 செ.மீ.தான், 16 இஞ்சு பார் 40 செ.மீ. பலாவோ அயினியோ பெரிதாக வந்தால் இரு பக்கமிருந்தும் அறுக்கலாம். 45 சிசிக்கு நீள பார் போட்டால் சுற்று இறங்கி, ஆயிலும் முனைவரை எட்டாமல் மறுபடி சூடுதான். அந்தக் காசுக்கு நல்ல செயினும், செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் புதிதாக ஒன்றும் வாங்குங்கள். ஸ்ப்ராக்கெட்டில் செயின் பதிந்த பள்ளம் அரை மி.மீ. ஆகியிருந்தால் புதுச் செயினையும் கெடுக்கும். செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் கழற்றப்பட்ட மெஷினாக இருந்தால் முதல் செலவே அதுதான். அது இல்லாமல் மரத்தில் கை வைக்காதீர்கள்.

கடைசியாக டியூனிங். கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்கான எல் ஸ்க்ரூவையும் முழு வேகத்துக்கான ஹெச் ஸ்க்ரூவையும் மெல்ல மூடும்வரை திருப்பி, ஒரு சுற்று திறந்து தொடங்குங்கள். ஐடிலில் செயின் சுற்றக் கூடாது. மரத்தில் இறக்காமல் முழு ரேஸ் கொடுத்தால் சத்தம் கொஞ்சம் உடைந்து ‘பர்ர்’ என்று வரவேண்டும், மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். வெறுமனே கீச்சென்று கத்தினால் ஹெச் ஸ்க்ரூவைச் சற்றுத் திறங்கள். ஒரு டேங்க் ஓட்டியபின் பிளக்கைப் பாருங்கள்: இளம் பழுப்பு என்றால் சரி; வெளுத்திருந்தால் கசிவு இன்னும் எங்கோ இருக்கிறது, சோப்பு நீரை மறுபடி எடுங்கள்.