நீலத்தின் டின்ட் மட்டும் ஊதாவாக அச்சாகிறது

டின்ட்டில், அதாவது அதே நிறத்தின் வெளிறிய சாயலில், மெஜந்தா மையைக் (கருஞ்சிவப்பு) குறையுங்கள். சயான் (பச்சை கலந்த நீல மை) 100%, மெஜந்தா 70% கலந்த நீலம் சரியாக வந்து அதன் 20% டின்ட் மட்டும் ஊதா அடிக்கிறது என்கிறீர்கள். அதை சயான் 22, மெஜந்தா 8 என்று தனி நிறமாகவே போட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் ஃபைலில் அது சயான் 20, மெஜந்தா 14 ஆகத்தான் இறங்குகிறது, இடைவெளி வெறும் 6, மெஷினில் மெஜந்தாவின் அச்சுப் புள்ளி கொஞ்சம் பரவினாலே நிறம் சாய்ந்துவிடும்.

மாற்றுவதற்கு முன் ஒன்று: ஷீட் ஓரத்துக் கலர் பாரில் (சோதனைக்கான நிறக் கட்டங்களின் வரிசை) இரண்டு மைகளின் 50% கட்டங்களையும் டென்சிடோமீட்டரில் (மை அடர்த்தியை அளக்கும் கருவி) அளக்கச் சொல்லுங்கள். மெஜந்தாவின் டாட் கெயின் (புள்ளி பரவும் அளவு) தெளிவாக அதிகம் என்றால், முதலில் சரிசெய்ய வேண்டியது பிரஸ், உங்கள் டிசைன் அல்ல.

நான் சொன்ன எண்கள் ஆர்ட் பேப்பருக்கு (பூச்சுள்ள வழவழப்பான தாள்). பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் புள்ளி இன்னும் பரவும், அதற்குத் தனி ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்தே ஆக வேண்டும்.