பயிற்சி முடிந்ததும் தொழில் பழகுநர்கள் விலகிவிட்டால் செலவு வீணா?

உங்கள் பட்டறையில் பயிற்சி முடித்த இரண்டு பழகுநர்கள் விலகிவிட்டதால் இப்படிக் கேட்கிறீர்கள். வீணாகாது. பழகுநர் உங்களிடம் இருக்கும் காலத்திலேயே அவருக்கான செலவு திரும்பி வரும்படி வேலையைப் பிரித்துக் கொடுத்தால், பிறகு அவர் வேறிடம் போனாலும் நட்டமில்லை. தொடக்கத்தில் மூத்தவரின் நேரமும் வீணாகும் பொருளும் செலவாகத்தான் செய்யும். பின்னர் பழகுநர் தனியாக முடிக்கும் வேலைதான் அதை ஈடுகட்டுகிறது.

விலகிய இருவரும் லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) ஒரே வகை புஷ்ஷை (குழாய் போன்ற சிறு உதிரிபாகத்தை) மட்டுமே கடைந்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். புதிதாக எதுவும் கைவராத இடத்தில், பயிற்சிக்குப் பிந்தைய சம்பளமும் முன்பே சொல்லப்படாவிட்டால், யாரும் தங்கமாட்டார்கள்.

விலகிய இருவரின் வேலைப் பதிவேட்டை எடுத்து, மேற்பார்வையின்றி ஜாப்பை (கடைய வேண்டிய துண்டை) லேத்தின் பிடிப்பானான சக்கில் பிடித்து, அது மையத்தில் சுழல்கிறதா என்று பார்த்து, நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரில் அளந்து சரியாக முடித்த முதல் நாள் எது என்று பாருங்கள். அது பயிற்சிக் காலத்தின் பாதியைத் தாண்டியிருந்தால், திருத்த வேண்டியது உங்கள் பயிற்சித் திட்டத்தை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கற்றுக்கொடுக்கும் மூத்தவரின் உற்பத்தி இலக்கைக் குறைக்காமல் பழகுநரை அவரிடம் ஒப்படைத்தால், எவ்வளவு நல்ல திட்டமும் பலன் தராது, அவர் பழகுநரை எடுபிடி வேலைக்குத்தான் வைத்துக்கொள்வார்.