13-ஆம் தேதியே எப்படித் தேடினார்கள்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிறேன். ஒரு நாளில் 40 பேர் வந்தால் அதிகம். 2025 ஜூலையில் சரோஜாதேவி பக்கத்துக்கு மட்டும் திடீரென்று 2,000 பேருக்கு மேல் வந்தார்கள். அவர் காலமானது 14-ஆம் தேதி. கூகுள் கணக்கோ 13-ஆம் தேதியே கூட்டம் ஏறியதாகக் காட்டுகிறது. 'பராசக்தி' பக்கத்திலும் அவ்வப்போது இப்படி நடக்கிறது. வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள். யாரோ விளையாடுகிறார்கள், மூடிவிடுங்கள் என்கிறான் மகன். கணக்கை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, தயவுசெய்து மூடிவிடாதீர்கள். வந்தவர்கள் மனிதர்கள்தான்.

முதலில் அந்த 13-ஆம் தேதி. கூகுளில் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோல், தினக்கணக்கைப் பிரிப்பது அமெரிக்காவின் பசிபிக் கரை நேரப்படி. ஜூலையில் அங்கே நள்ளிரவு 12 அடிக்கும்போது நமக்கு டர்பனில் காலை 9 மணி, பெங்களூரில் பகல் 12.30. சரோஜாதேவி மறைந்தது பெங்களூரில், காலை நேரத்தில். செய்தி கேட்டுப் பதறி உடனே தேடியவர்கள் எல்லாரும் கூகுள் கணக்கில் முந்தைய நாளில் போய் விழுந்திருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் இந்த எல்லை நமக்குக் காலை 10 மணிக்குத் தள்ளிப்போகும். இனி இப்படி ஏறினால், கடைசி 24 மணி நேரக் கணக்கை அன்றைக்கே திறந்து பாருங்கள். அதில் நம் ஊர் நேரமே வரும்.

கணக்கு ஏறிய உயரத்தைப் பார்த்து மலைக்காமல், எந்த நாட்டிலிருந்து, என்ன சொல் போட்டு வந்தார்கள் என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் நாம் இல்லாத இடத்தில் நடக்கிறது. 2021 அக்டோபர் 1 அன்று சிவாஜியின் பிறந்தநாளுக்காக இந்தியாவில் கூகுள் முகப்பில் அவர் படம் வந்தது. முகப்புப் படம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், இங்கே நம் முகப்பைத் திறந்தால் அது தெரியாது.

'பராசக்தி' விஷயம் வேறு. அதே பெயரில் சிவகார்த்திகேயன் நடிக்க இன்னொரு படத்தை 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். உங்கள் பக்கத்துக்கு வந்த சொற்களில் 'டீசர்', 'ரிலீஸ் தேதி' என்று இருக்கிறதே, அவர்கள் வழி தவறி வந்தவர்கள். அவர்கள் உடனே திரும்பிப் போவது உங்கள் எழுத்தின் குறையல்ல. பக்கத்தின் முதல் வரியிலேயே, இது 1952 தீபாவளிக்கு வந்த படம், இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு, வசனம் மு. கருணாநிதி, சிவாஜிக்கு முதல் படம் என்று எழுதிவிடுங்கள். பத்தில் ஒருவராவது நின்று படிப்பார்.

மகனின் சந்தேகத்துக்கும் ஒரு சோதனை உண்டு. தளத்தின் வருகைக் கணக்கு மட்டும் ஏறி, சர்ச் கன்சோலில் கிளிக் ஏறாமல் இருந்தால்தான் ஆள் போல வந்துபோகும் தானியங்கி நிரல்களைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டுமே சேர்ந்து ஏறியிருக்கின்றன. 16 மாதத்துக்கு மேல் கூகுள் இந்தக் கணக்கை வைத்திருக்காது. மாதம் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய கணக்கின் அடியில் ஒரு வரியைக் கவனித்தீர்களா? 'அவலான்' என்று ஆங்கில எழுத்தில் தேடி 11 பேர் வந்திருக்கிறார்கள். எல்லாரும் தென்னாப்பிரிக்கா. அந்த 2,000 பேரைவிட இந்த 11 பேர்தான் என்னை உலுக்கிவிட்டார்கள். நம் ஊருக்கு டிவி வந்ததே 1976-இல். அதுவரை டர்பன் விக்டோரியா தெருவில் அவலான் தியேட்டரில் பார்த்ததுதான் படம். என் அம்மா கடைசிவரை எந்தப் படத்தையும் பெயர் சொல்லிச் சொன்னதில்லை. "அவலான்ல அழுதுக்கிட்டே பாத்தமே, அந்தப் படம்" என்பார். அந்த 11 பேரும் யாருடைய பேரப்பிள்ளைகளோ! உங்கள் பக்கத்தில் அவலானைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. எந்தப் படத்தை எந்த தியேட்டரில், யாரோடு போய்ப் பார்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள் ஐயா. தியேட்டர் பெயரை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை போட்டுவையுங்கள். நம் பிள்ளைகள் அப்படித்தான் தேடுகிறார்கள்.