பூங்காவில் ட்ரோன்: காவலாளி சொல்வது சரியா, ஏஜென்ட் சொல்வது சரியா?

கேள்வி: 14 வயது மகனுக்கு 249 கிராம் ட்ரோன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நகராட்சிப் பூங்காவில் பறக்கவிட்டபோது காவலாளி தடுத்துவிட்டார். விற்றவரோ, 250 கிராமுக்குக் கீழே எந்த அனுமதியும் வேண்டாம் என்றார். இப்போது ஏஜென்ட் ஒருவர், 18,000 ரூபாய் கொடுத்தால் பையன் பெயரில் இந்தியா முழுக்கச் செல்லுபடியாகும் பைலட் லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, பைலட் சான்றிதழ் வாங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த மையத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 14 வயதுப் பையன் பெயரில் அதை யாராலும் எடுத்துத் தர முடியாது. ‘லைசென்ஸ்’ என்ற பெயரே 2022 பிப்ரவரித் திருத்தத்தில் போய்விட்டது. இன்றும் லைசென்ஸ் என்று அச்சடித்த பளபள அட்டையை ஒருவர் நீட்டினால், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், உங்கள் மகனுக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை. நானோ ரகத்துக்கு, அதாவது 250 கிராம் வரை உள்ள ட்ரோனுக்கு, அதில் விலக்கு உண்டு. காப்பீட்டிலும் விலக்கு உண்டு.

ஆனால் உங்களிடம் இருப்பது நானோதானா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விதி பார்ப்பது பெட்டியில் அச்சிட்ட எடையை அல்ல; பேட்டரி உட்பட, மாட்டியிருக்கும் எல்லாவற்றோடும் சேர்ந்து எழும்பும் எடையை. என்னிடம் ஒருவர் இதே ‘249’ஐக் கொண்டு வந்தார். சமையலறைத் தராசில் வைத்தோம். முள் 250ஐத் தாண்டி நின்றது. கூடுதல் நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரி போட்டிருந்தார், குழந்தைகள் கையில் படாமலிருக்க இறக்கைகளுக்குக் காப்பு வளையமும் மாட்டியிருந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் ட்ரோன் நானோவிலிருந்து அடுத்த ரகமான மைக்ரோவுக்குத் தாவிவிட்டது. அதோடு காப்பீடு, வகைச் சான்றிதழ் (அந்த மாடலுக்கே தரப்படும் அங்கீகாரம்) என்று வேறு கதை தொடங்கிவிடும். அதனால் எப்படிப் பறக்கவிடுகிறீர்களோ அப்படியே, எல்லாம் மாட்டி, ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள்.

ட்ரோனுக்கான பதிவு எண்ணை உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள். அரசுக் கட்டணம் 100 ரூபாய்தான், நீங்களே ஆன்லைனில் செய்யலாம். அந்தத் தளத்தோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும். முன்பு டிஜிட்டல் ஸ்கை என்றார்கள், பிறகு சேவைகளை டி.ஜி.சி.ஏ.வின் இன்னொரு தளமான இ-ஜி.சி.ஏ. பக்கம் நகர்த்தினார்கள். விண்ணப்பிப்பவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அலைகிறார். இந்தக் குழப்பத்தில்தான் ஏஜென்ட் பிழைக்கிறார்.

சரி, காவலாளி விஷயத்துக்கு வருவோம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று குறித்த இடங்களில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம் என்பது வானத்துக்கான விதி. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை அது 200 அடியாகக் குறையும், 8 கி.மீ.க்குள் வந்துவிட்டால் எவ்வளவு தாழ்வாகப் பறந்தாலும் அனுமதி கேட்க வேண்டும். அந்த வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் நிற்கும் புல்தரை நகராட்சியுடையது. அங்கே பந்து விளையாடாதே என்று பலகை வைக்க உரிமை உள்ளவர்களுக்கு, ட்ரோனை இங்கிருந்து கிளப்பாதே என்று சொல்லவும் உரிமை உண்டு. வரைபடத்தைக் காட்டிக் காவலாளியோடு வாதாடிப் பயனில்லை.

இன்னொரு பொறி: நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று அப்படி இருக்கும் என்று நம்பாதீர்கள். மாநில அரசும் காவல் துறையும் ஒரு பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது ட்ரோனுக்குத் தடை உள்ள இடமாக, அறிவிக்கலாம். முக்கியப் புள்ளி யாராவது ஊருக்கு வருகிறார் என்றால் அன்று ட்ரோனை வெளியே எடுக்கவே வேண்டாம். விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும்.

பூங்காதான் வேண்டும் என்றால், நகராட்சி ஆணையருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இதற்கென்று படிவம் எதுவும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்; மேசைக்கு மேசை அனுப்புவார்கள், சளைக்காதீர்கள். பதிவு எண், எடை போட்ட விவரம், கூட்டம் இல்லாத காலை நேரம், உயரம் 100 அடியைத் தாண்டாது, பெரியவர் ஒருவர் கூடவே நிற்பார், விளையாட்டுத் திடல் பக்கமோ அடுத்த வீட்டு மாடிப் பக்கமோ கேமரா திரும்பாது. இவ்வளவு எழுதினால் போதும். ஒரு நகலை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து, இன்னொரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை, தெரிந்தவர் ஒருவரின் அறுவடை முடிந்த வயலில், அவரிடம் கேட்டுக்கொண்டு, பையன் பழகட்டும். காவலாளிக்கு, அனுமதி வந்ததும் முதல் வேலையாக அந்தக் கடிதத்தைக் காட்டிவிடுங்கள்.