பழைய சென்சார்களைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: அலாரம் கம்பெனிக்குக் கட்டிவந்த மாதச் சந்தாவை நிறுத்திவிட்டேன். கதவு, ஜன்னல்களில் இருக்கும் வயர்லெஸ் சென்சார்களை வைத்தே, என் போனுக்குத் தகவல் வரும்படி செய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். அந்த சென்சார்களின் சிக்னலை வாங்கி உங்கள் போனுக்குத் தகவல் அனுப்ப, புதிய பேனல் (அலாரத்தின் மையப் பெட்டி) ஒன்று வேண்டும். முதலில் ஒரு சென்சாரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் லேபிளில் கம்பெனியும் மாடல் எண்ணும் என்ன என்று பாருங்கள். ஹனிவெல் 5800 வரிசை என்றால் அது சிக்னல் அனுப்பும் அதிர்வெண் 345 மெகாஹெர்ட்ஸ், ஜி.இ. என்றால் பெரும்பாலும் 319.5, டி.எஸ்.சி.யின் பழைய வகைகள் 433.92. ஆனால் அதிர்வெண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, சென்சார் அனுப்புகிற சிக்னல் புதிய பேனலுக்குப் புரியவும் வேண்டும், அதனால் உங்கள் மாடல் எண் அந்தப் பேனலின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பவர்ஜி வகை போல என்கிரிப்ஷன் உள்ள (சிக்னலை ரகசியக் குறியீடாக மாற்றி அனுப்பும்) சென்சார்கள் தங்களுக்கான ரிசீவரோடுதான் பேசும்.

பேட்டரியை எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். புகை சென்சார் மட்டும் 10 வருடம் தாண்டியிருந்தால் தயவுசெய்து புதிதாகவே வாங்குங்கள், அதில் சிக்கனம் வேண்டாம்.

அப்புறம் ஒன்று, இனி கண்காணிப்பது நீங்கள்தான். கரண்டும் இன்டர்நெட்டும் போனாலும் தகவல் வர, பேனலுக்கு பேக்கப் பேட்டரியும் சிம் வசதியும் இருக்கட்டும். எல்லாம் மாட்டியதும் ஒவ்வொரு கதவாகத் திறந்து, போனில் தகவல் வருகிறதா என்று பாருங்கள்.