பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர்: வாங்குவது, மெருகிடுவது, விட முடியாமல் போவது (கேள்வி பதில்)

இங்கிலாந்தின் பல ஊர்களில் இருந்து வந்த கேள்விகளுக்கு, 1974 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஆரஞ்சு நிறக் கேம்பர் (உள்ளேயே படுத்துறங்கிச் சமைக்க வசதி கொண்ட வேன்) ஒன்றைப் பதினாறு ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற தகுதியில் மட்டுமே பதில் எழுதியிருக்கிறேன். நான் மெக்கானிக் அல்ல.

லெஸ்டரிலிருந்து: முதன்முறையாக ஒரு கேம்பர் வாங்கப் போகிறேன். எந்தக் காலத்து வண்டி நல்லது? எதைப் பார்த்து வாங்குவது?

1950 முதல் 1967 வரை வந்தவற்றில் முன்கண்ணாடி இரண்டு துண்டுகளாக இருக்கும். அவற்றை ஸ்பிளிட் என்பார்கள். அதற்குப் பின் 1979 வரை ஜெர்மனியில் செய்யப்பட்டவற்றில் வளைந்த ஒற்றைக் கண்ணாடி, அவை பே. ஸ்பிளிட்டின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. பே வண்டியில் பக்கக் கதவு தள்ளித் திறப்பது. குடும்பத்தோடு போவதற்கு அதுவே வசதி. உள்ளே படுக்கையும் அடுப்பும் அமைத்தவர்கள் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவா, இங்கே சிட்மத் ஊரின் டெவனா என்பதைப் பற்றி விற்பவர் நீளமாகப் பேசுவார். பேசட்டும், நீங்கள் ஒரு பழைய பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுங்கள்.

இந்த நாட்டில் குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடுகிறார்கள். வண்டியைத் தின்பது அந்த உப்புதான். முன்சக்கரங்களுக்குப் பின்பக்கம், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்ற பகுதி, ஜாக்கி வைக்கும் இடங்கள், எஞ்சின் அறையில் பேட்டரி உட்காரும் தட்டு, முன்கண்ணாடி ரப்பரின் கீழ் விளிம்பு ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு போய்த் தகரத்தின் மேல் நகர்த்துங்கள். பிடித்துக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் வழுக்கி விழுந்தால், அங்கே தகரம் இல்லை, பட்டி பார்த்து வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். எஞ்சினை ஒரு வார இறுதியில் இறக்கி ஏற்றிவிடலாம். துருவை வெட்டி வெல்டிங் செய்யும் செலவோ வண்டியின் விலையையே விழுங்கிவிடும்.

கோவென்ட்ரியிலிருந்து: வாங்கிய வண்டியின் வண்ணம் சுண்ணாம்பு பூத்ததுபோல் மங்கிக் கிடக்கிறது. மெஷின் வைத்து மெருகிடலாமா, புதிதாக வண்ணம் அடித்துவிடலாமா?

இரண்டையும் செய்யாதீர்கள், சற்றுப் பொறுங்கள். முதலில் எஞ்சின் மூடியின் உட்பக்கம்போல் கண்ணில் படாத ஓரிடத்தில், வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அந்தக் காலத்து வண்ணத்தின் மேல் இப்போதைய வண்டிகளுக்கு இருப்பதுபோல் நிறமற்ற லாக்கர் பூச்சு கிடையாது. மேலிருந்து கீழ்வரை எல்லாம் ஒரே நிறம். வெயிலும் காற்றும் பட்டு மேற்பரப்பு மட்டுமே செத்துப்போயிருக்கும். அதை நீக்கினால் அடியில் பழைய நிறம் அப்படியே உயிரோடு இருக்கும். துணியில் நிறம் வரவில்லை என்றால், பின்னால் யாரோ லாக்கரோடு மறுவண்ணம் அடித்திருக்கலாம்.

நிழலில் நிறுத்தி, நன்றாகக் கழுவி, வண்டி வண்ணத்துக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) ஒட்டியிருக்கும் துகள்களை எடுத்துவிட்டு, இருப்பதிலேயே மென்மையான பாலிஷைக் கையால் தேய்த்துத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு சதுர அடிக்கு மேல் வேண்டாம். துணியை அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்துக்கு மாற்றுங்கள். இல்லையெனில் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள்.

மெஷின் ஏன் வேண்டாம் என்பதற்கு என் வண்டியே சாட்சி. வாங்கிய முதல் கோடையில், இரவல் மெஷின் ஒன்றை, ஜன்னல்களுக்குக் கீழே வண்டியைச் சுற்றி ஓடும் வரம்பின்மேல் வைத்தேன். வரம்பிலும் விளிம்பிலும் வண்ணம் இயல்பாகவே மெலிந்திருக்கும் என்பது அப்போது தெரியாது. இரண்டு நிமிடத்தில் ஆரஞ்சுக்கு நடுவே விரல் நீளத்துக்குச் சாம்பல் நிற அடிப்பூச்சு வெளியே வந்துவிட்டது. அந்தத் தழும்பை நான் இன்றுவரை மறைக்கவில்லை. இப்போதெல்லாம் வரம்புகளின்மேல் டேப் ஒட்டிய பிறகே பாலிஷ் டப்பாவைத் திறக்கிறேன்.

கையால் தேய்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. வண்ணத்துக்கு அடியில் கடுகளவு கொப்புளம் எழும்பியிருந்தால், அது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தட்டுப்படும். இடப்பக்கச் சக்கர வளைவில் தொடங்கிய துருவை நான் கண்டுபிடித்தது அப்படித்தான்.

ஹாரோவிலிருந்து: எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மெருகிட வேண்டும்?

மெழுகு ஆண்டுக்கு இருமுறை. பாலிஷ், தேவைப்பட்டால் மட்டுமே. பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் திரும்ப வராத வண்ணத்தைத்தான் செலவழிக்கிறீர்கள்.

ரெடிங்கிலிருந்து: இந்த வண்டிகள் தீப்பற்றி எரியும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

உண்மை, ஆனால் பெரும்பாலும் தடுக்கக்கூடியது. எஞ்சின் பின்னால் இருக்கிறது. அதன் அறைக்குள் பெட்ரோல் போகும் ரப்பர்க் குழாய் விரிசல் விட்டால் சொட்டும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல்தான் விழும். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரணப் பெட்ரோல் என்றாலே 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த ஈ10. பழைய ரப்பரை அது அரித்துவிடும். ஆகவே எத்தனால் 5 விழுக்காட்டுக்கு மேல் போகாத ஈ5 சூப்பர் பெட்ரோல் மட்டும் போடுங்கள். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக அனைத்தையும் மாற்றி, ஆண்டுதோறும் வளைத்துப் பாருங்கள். தீயணைப்பானை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

மற்றபடி எஞ்சின் எளிமையானது. காற்றால் குளிர்வதால் ரேடியேட்டர் இல்லை. 1600 சிசி எஞ்சினுக்கு இரண்டரை லிட்டர் எண்ணெய் போதும்; காகித வடிகட்டி இல்லாமல் வெறும் கம்பிவலை மட்டுமே இருப்பதால், 3000 மைலுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றி, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீட்டருக்குச் சரிசெய்யுங்கள்.

குரோய்டனிலிருந்து: லண்டனில் ஓட்டினால் மாசுக் கட்டணம் உண்டா?

நாற்பது ஆண்டுகளைத் தாண்டி, வரலாற்று வாகனம் என்ற வரிப் பிரிவில் பதிந்துவிட்டால் அந்தக் கட்டணமும் இல்லை, சாலை வரியும் இல்லை. வரி பூஜ்யம் என்றாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிக்கு, சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி சோதனையும் கட்டாயம் இல்லை. நான் விரும்பியே ஆண்டுதோறும் சோதனைக்கு விடுகிறேன்; ஐம்பது வயது பிரேக்கை இன்னொருவர் கண்ணும் பார்ப்பது நல்லது.

மில்டன் கீன்ஸிலிருந்து: குளிர்காலத்தில் உள்ளே பூஞ்சை வாடை அடிக்கிறது.

மேலெழும் கூரையின் துணியை ஈரத்தோடு மடித்திருப்பீர்கள். வெயில் வரும் நாளில் கூரையை உயர்த்தி முழுக்க உலரவிடுங்கள். ஹீட்டரைப் போட்டுக் காய வைக்க நினைக்காதீர்கள். சைலன்சருக்குப் போகும் புகையின் சூட்டிலேயே அது இயங்குகிறது, அதில் ஓட்டை இருந்தால் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த வண்டியில் யாரும் உறங்கக் கூடாது.

லூட்டனிலிருந்து: விற்கச் சொல்லி மனைவி வற்புறுத்துகிறார். என்னால் முடியவில்லை. இது பைத்தியக்காரத்தனமா, அண்ணா?

கணக்குப் பார்த்தால் ஆம், தம்பி. என் வண்டியின் அலமாரிக் கதவுக்கு உட்பக்கத்தில், முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் வால்வு சரிசெய்த ஒவ்வொரு நாளையும் மைல் கணக்கையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். கடைசி வரிகளில் கை நடுங்கியிருக்கிறது. அந்தப் பட்டியலுக்குக் கீழே என் முதல் தேதியை எழுதிய அன்றே விற்கும் எண்ணம் எனக்குப் போய்விட்டது.

உங்கள் மனைவியை ஒருநாள் ஓட்டச் சொல்லுங்கள். பஸ்ஸில் இருப்பதுபோல் படுத்திருக்கும் ஸ்டியரிங்கும், முன்சக்கரத்துக்கு மேலேயே அமர்ந்து ஓட்டும் அந்த உயரமும் அவருக்கும் பிடித்துப்போகலாம். அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால், பாயும் காந்தமும் எடுத்துக்கொண்டு வருகிறவருக்கே விற்றுவிடுங்கள்.