வாசகர் கேள்வி பதில்: சலாலாவுக்கு வேலைக்குப் போகுமுன்

? மகனுக்கு ஓமானில் சலாலா என்ற ஊரில் எலக்ட்ரீஷியன் வேலை வந்திருக்கிறது. மஸ்கட்டில் எங்கள் சொந்தக்காரர்கள் உண்டு, சலாலாவில் யாரும் இல்லை. கையெழுத்துப் போடுமுன் எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகி, கீழக்கரை

முதலில் தூரத்தைப் பாருங்கள். மஸ்கட்டிலிருந்து சலாலா ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். பஸ்ஸில் 12 மணி நேரம், வழியெல்லாம் பாலைவனம். அவசரத்துக்குச் சொந்தக்காரர்கள் ஓடிவர முடியாது, இந்தியத் தூதரகமும் மஸ்கட்டில்தான். ஒப்பந்தத்தில் 'விடுமுறைக்கு டிக்கெட் உண்டு' என்று மட்டும் இருந்தால், மஸ்கட்-சென்னை டிக்கெட்டோடு கம்பெனி கைகழுவிவிடலாம். சலாலா-மஸ்கட் செலவு மகன் தலையில் விழும். 'சலாலாவிலிருந்து சென்னை வரை, போக வர' என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து, வேலை எங்கே, தங்குமிடம் எங்கே? துறைமுகமும் தொழிற்பேட்டையும் மேற்கே ரைசூத்தில் இருக்கின்றன. குடியிருப்புகள் நிறைந்த ஸாதா எதிர்ப்பக்கம். ஷிப்ட் வேலைக்கு டவுன் பஸ்ஸை நம்ப முடியாது, தினமும் டாக்ஸி கட்டுப்படியாகாது. கம்பெனி வண்டி உண்டா என்பதும் ஒப்பந்தத்தில் வரவேண்டும். மகனே வண்டி ஓட்டுவதென்றால் ஓமான் லைசென்ஸ் எடுக்க வேண்டும். டிரம்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்துவது, மேட்டில் நிறுத்தி ஏற்றுவது, பிறகு ரோடு டெஸ்ட் என்று வரிசையாக வைப்பார்கள். பலர் தவறுவது அந்த டிரம்மில்தான். கிளம்புமுன் இங்கேயே ரிவர்ஸ் பழகிக்கொள்ளட்டும்.

சம்பளத்தில் மொத்தத் தொகையைவிட அடிப்படைச் சம்பளம் முக்கியம். 2023 தொழிலாளர் சட்டப்படி, வேலை முடியும்போது வருடத்துக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். மொத்தம் 160 ரியாலில் அடிப்படை 90 என்றால் 4 வருடத்துக்கு 360 ரியால். அதே 160-இல் அடிப்படை 140 என்றால் 560 ரியால். பேசுவதை இப்போதே பேசிவிடுங்கள். பெரிய நகரத்தில் ஒரு கம்பெனி சரியில்லையென்றால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். சலாலாவில் அந்த வசதி குறைவு.

? எட்டாவதுதான் படித்திருக்கிறேன். விசிட் விசாவில் போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். போகலாமா?
- வாசகர், தங்கச்சிமடம்

வேண்டாம் தம்பி. அப்படி உள்ளேயே விசா மாற்றுவதை ஓமான் போலீஸ் 2023 அக்டோபர் இறுதியில் நிறுத்திவிட்டது. பத்தாவது தேறாதவர்களுக்குப் பொதுவாக ஈசிஆர் பாஸ்போர்ட்தான் (குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை) கிடைக்கும். அதை வைத்து ஓமானில் வேலைக்குப் போக இ-மைக்ரேட் என்ற மத்திய அரசு இணையதளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தளத்திலேயே ஏஜென்ட்டின் பதிவு எண் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ரசீது கேளுங்கள். அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும்: 2 வருடத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்து மரணத்துக்கு 10 லட்சம். விசிட் விசாவில் போகிறவருக்கு இதில் எதுவும் கிடையாது.

? கணவர் சலாலாவில் இருக்கிறார். பிள்ளைகளோடு ஆனி மாதம் போய்ச் சேரலாமா?
- வாசகி, தொண்டி

மாதத்தை மாற்றுங்கள். நம் கரையில் கச்சான் மணலை வாரி இறைக்கும் அதே பருவத்தில் அங்கே சாரல். ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் பிற்பகுதி வரை நீடிக்கும் இந்தக் காலத்துக்குக் கரீஃப் என்று பெயர். வளைகுடா முழுவதிலிருந்தும் சுற்றுலாக்காரர்கள் குவிவதால் வீட்டுக்காரர்கள் நாள்வாடகைக்கு மாறிவிடுவார்கள். எனவே வாடகை ஒப்பந்தம் மே, ஜூனில் முடியும்படி போடாதீர்கள். முழு வருடத்துக்குப் போட்டு நகராட்சியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வீடு பார்க்கும்போது அலமாரியின் பின்சுவரைத் தடவிப் பாருங்கள். காற்றோட்டமில்லாத அறைகளில் கரீஃப் முழுக்கப் பூஞ்சை பிடித்து, துணியும் மரச்சாமானும் பாழாகும். இந்தியன் ஸ்கூல் சலாலாவில் சிபிஎஸ்இ பாடத்திட்டம், வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கும். அந்தக் கணக்குக்கு மார்ச்சில் போவதே நல்லது. மாற்றுச் சான்றிதழை மறக்க வேண்டாம்.

? என்னென்ன எடுத்துப் போகலாம்?
- வாசகர், பெரியபட்டினம்

தேங்காய், வாழைப்பழம், மீன் எல்லாம் அங்கேயே தாராளம். பிளக் மூன்று செவ்வக முனை, அடாப்டர் வேண்டும். வளைகுடா நாடுகள் பலவற்றில் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும். வீட்டில் அரைத்த மசாலாவிலும் இருக்கக் கூடாது. டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பும் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள்.